15 நிமிடத்தில் விழிக்கும் நெல்

கார்த்திகை பிறந்தால், மலையாளிகள் கணக்கில் விருச்சிகம் பிறந்தால், மட்டாஞ்சேரியின் தாழ்வான சந்துகளில் வசிப்பவர்கள் காலண்டரில் அமாவாசையும் பௌர்ணமியும் என்றைக்கு என்று பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த நாட்களை ஒட்டிக் காயல் பொங்கும். 'வேலியேற்றம்' என்பது உள்ளூர்ப் பெயர். சாக்கடை வழியாகப் பின்னோக்கி ஏறி வரும் தண்ணீர் திண்ணையைத் தாண்டி அடுக்களைக்குள் நுழையும். சில மணி நேரத்தில் வடிந்தும்விடும். ஆனால் உப்பு வடியாது. அது சுவரில் ஏறி, வெள்ளையாகப் பூத்து, சாந்தைப் பொடிப்பொடியாக உதிர்க்கும்.

இந்த வீடுகளில் எல்லோரிடமும் இருப்பது ஏறக்குறைய ஒரே சாமான்கள்தான். நாலு செங்கல், இரண்டு மணல் சாக்கு, ஒரு வாளி. தண்ணீர் வாசலை எட்டுவதற்குள் சாக்கை அடைத்து, கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி, அரிசி டின்னைப் பரணில் ஏற்றிவிடுகிற வீடு தப்பிக்கிறது. மூன்று மணி நேரம் கழித்து விழித்துக்கொள்ளும் வீட்டில் அதே செங்கல் மூலையில் கிடந்தும் பயனில்லை.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே கும்பளங்கியிலும் செல்லானத்திலும், வடக்கே வைப்பீன், கடமக்குடி, ஏழிக்கரைப் பகுதிகளிலும் வளரும் ஒரு நெல் இதே வித்தையைச் செய்கிறது. அதன் பெயர் பொக்காளி. 'பொக்கம்' என்றால் மலையாளத்தில் உயரம். தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு ஆள் உயரத்துக்கும் வளரக்கூடிய இந்தப் பயிர், சாதாரண நெல் ஒரு வாரம்கூடத் தாங்காத உப்பில் கதிர் விடுகிறது. எப்படி என்ற கேள்விக்கு விடை தேடி உலகத்தின் பல சோதனைச் சாலைகள் இந்த நெல்லை வரவழைத்திருக்கின்றன.

அவற்றில் ஒரு சோதனை குறிப்பாகச் சொல்லத் தக்கது. 2001-ல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பொக்காளியையும், உப்புக்கு உடனே பணிந்துவிடும் ஐ.ஆர். 29 என்ற ரகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பயிரின் வேரில் உப்புநீர் விட்டார்கள். லிட்டருக்கு சுமார் 9 கிராம் உப்பு, அதாவது கடல்நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அடுத்த 15 நிமிடத்திலிருந்து ஒரு வாரம் வரை, வேரில் எந்தெந்த ஜீன் வேலை செய்கிறது என்று 1,728 ஜீன் துணுக்குகளை வைத்துக் கணக்கெடுத்தார்கள்.

பொக்காளியும் உப்புக்கு அஞ்சாமல் இல்லை. உப்பு பட்ட சில நிமிடங்களில் அதன் ஒளிச்சேர்க்கை பத்தில் ஒரு பங்காக விழுந்தது. ஆனால் 15 நிமிடத்துக்குள் ஜீன்கள் விழித்துக்கொண்டன. ஒரு மணி நேரத்தில், கவனிக்கப்பட்ட ஜீன்களில் சுமார் 10 சதவிகிதம் தங்கள் வேலையைக் கூட்டியோ குறைத்தோ கொண்டுவிட்டன. முதலில் புதிய புரதங்கள் தயாரிக்கும் வேலையும் பழையதைக் கழிக்கும் வேலையும் மும்முரமாயின. சில மணி நேரத்தில் ஆபத்தைச் சமாளிக்கும் ஜீன்கள் வந்தன. அதன் பிறகு தற்காப்பு ஜீன்கள். ஒரு வாரத்தில், தண்ணீரை உள்ளே கடத்தும் வாயில்களுக்கான ஜீன்கள் மும்முரமாகியிருந்தன. பயிர் தேறிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

ஐ.ஆர். 29-லும் எதிர்வினை இருந்தது. ஆனால் தாமதமாக வந்தது. பிறகு ஜீன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பயிர் செத்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. உப்பைத் தாங்கும் பயிர் என்றால் அதில் ஏதோ ஒரு அதிசய ஜீன் இருக்கிறது, மற்றதில் இல்லை என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு நெல் செடியின் ஒவ்வொரு செல்லிலும் அதன் எல்லா ஜீன்களும் இருக்கின்றன. பல்லாயிரம் ஜீன்கள். ஒரு கல்யாணச் சமையற்காரரின் நோட்டுப் புத்தகம் மாதிரி. புத்தகத்தில் எல்லாப் பதார்த்தமும் உண்டு. இன்றைக்கு எது அடுப்பில் ஏறுகிறது, எந்த நேரத்தில், எத்தனை பேருக்கு என்பதில்தான் விருந்தின் வெற்றி இருக்கிறது. தேவையான பக்கத்தைச் செல் ஒரு நகல் எடுக்கிறது. அந்த நகலின் பெயர் ஆர்.என்.ஏ. அதை வைத்துப் புரதம் தயாராகிறது. இப்படி ஒரு ஜீன் ஏட்டிலிருந்து இறங்கி வேலைக்கு வருவதைத்தான் ஜீன் வெளிப்பாடு என்கிறார்கள். பொக்காளிக்கும் ஐ.ஆர். 29-க்கும் புத்தகத்திலும் சில வரிகள் வேறுபடலாம். ஆனால் அந்தச் சோதனையில் கண்ணில் அறைந்தாற்போலத் தெரிந்த வித்தியாசம் நேரம்தான்.

உப்பு செடியை இரண்டு விதமாகத் தாக்குகிறது. முதல் அடி தாகம். வேரைச் சுற்றி உப்பு கூடினால், தண்ணீர் கண்ணெதிரே இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. ஊறுகாய் ஜாடியில் மாங்காய் சுருங்குவது போலச் செல் சுருங்கும். இரண்டாவது அடி நஞ்சு. உப்பிலுள்ள சோடியம் செடிக்குள் ஏறி, பொட்டாசியம் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பல என்ஸைம்கள் பொட்டாசியம் இல்லாமல் வேலை செய்யாது. இலை நுனி கருகத் தொடங்கினால் இந்த இரண்டாவது அடி விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

தாகத்துக்கு மருந்தாகச் செடி புரோலின் போன்ற பொருள்களைச் செல்லுக்குள் தயாரித்துச் சேர்க்கிறது. செல்லின் உள்ளேயும் அடர்த்தி கூடுவதால் தண்ணீர் வெளியே ஓடாமல் நிற்கிறது. நஞ்சுக்கு மூன்று விதமான காவல் உண்டு. ஒன்று, உள்ளே வந்த சோடியத்தை வேரிலிருந்து திரும்ப வெளியே தள்ளும் பம்பு. செல்லுக்குள் கால்சியத்தின் அளவு சட்டென்று ஏறுவது அதற்கு அபாய மணி. இரண்டாவது, மிஞ்சிய சோடியத்தைச் செல்லின் நடுவிலுள்ள வெற்றறையில் அடைத்துப் பூட்டுவது. மூன்றாவது காவல் நடு வழியில் நிற்கிறது. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறும் குழாயின் ஓரத்தில் இருந்துகொண்டு, போகிற தண்ணீரிலிருந்து சோடியத்தை மட்டும் பொறுக்கி எடுத்துவிடும் புரதம் அது. இலைக்குப் போவது கிட்டத்தட்ட நல்ல தண்ணீர்.

இந்த மூன்றாவது காவலாளிக்கான ஜீனை 2005-ல் கண்டுபிடித்தார்கள். அதற்கு உதவியது நோனா போக்ரா என்ற இன்னொரு இந்திய நெல். அந்த ஜீன் இருப்பது நெல்லின் முதல் குரோமோசோமில். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பொக்காளியை ஐ.ஆர். 29-உடன் கலந்து ஆராய்ந்தவர்கள், 1990-களிலேயே அதே குரோமோசோமில், அதே வட்டாரத்தில், ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டி அதற்கு 'சால்டால்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கலப்பில் பிறந்த எஃப்.எல். 478 என்ற வரிசை இன்று பல நாடுகளின் நெல் ஆராய்ச்சியாளர்களுக்கு மூலதனம். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பூசா பாஸ்மதி 1121-க்குள்ளும் சால்டால் பகுதியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கொச்சிக் காயல் ஓரத்துச் சேற்றில் பிறந்த நெல்லின் சொத்து வடக்கத்திய பிரியாணி அரிசிக்குள் நுழைந்த கதை இது.

நெல்லோடு நிற்கவில்லை. 2001-ல் டொரான்டோ, கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானிகள், உப்பை வெற்றறையில் பூட்டும் ஜீனை அதிகமாக வேலை வாங்கி ஒரு தக்காளிச் செடியை உருவாக்கினார்கள். கடல்நீரின் உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு கலந்த தண்ணீரில் அது காய்த்தது. உப்பு இலையில் தங்கியது, பழத்தில் ஏறவில்லை. 2012-ல் ஆஸ்திரேலியாவில், கோதுமையின் பண்டைய உறவினர் ஒன்றிலிருந்து நடு வழிக் காவலாளி ஜீனை, சாதாரண ஒட்டுக் கலப்பு மூலமாகவே, டியூரம் கோதுமைக்குள் கொண்டுவந்தார்கள். உவர் நிலத்தில் விளைச்சல் 25 சதவிகிதம் வரை கூடியது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1' இன்னொரு வழியில் வந்தது. அதில் புதிய ஜீன் எதையும் சேர்க்கவில்லை. வறட்சியையும் உப்பையும் தாங்குவதற்குத் தடையாக இருக்கும் ஒரு ஜீனை ஜீன் திருத்தம் மூலம் செயலிழக்கச் செய்தார்கள். ஆந்திர விவசாயிகளுக்குப் பழக்கமான எம்.டி.யு. 1010 ரகம்தான் அதற்கு அடிப்படை.

தமிழ்நாட்டுக்கும் இது அக்கம்பக்கத்து விஷயம் அல்ல. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி திரும்பிப் போனபோது நாகப்பட்டினம், கடலூர் கரையோர வயல்களில் உப்பை விட்டுவிட்டுப் போனது. அப்போது பலருக்கு நினைவுக்கு வந்தவை குழியடிச்சான், களர்பாலை போன்ற பழைய நெல்கள். திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியிலிருந்து களர் நிலத்துக்கென்றே திருச்சி 1, 2, 3 ரகங்கள் வந்திருக்கின்றன. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரீடாவின் தலைமையில், அலையாத்திக் காட்டின் அவிசெனியா மரினா மரத்திலிருந்து உப்பைத் தாங்கும் ஜீன்களைப் பிரித்து நெல்லில் செலுத்திச் சோதித்தார்கள். பரீடா 2022-லும் சுவாமிநாதன் 2023-லும் மறைந்தார்கள். அவர்கள் கவலைப்பட்ட விஷயம் மறையவில்லை. கர்னாலில் 1969 முதல் இயங்கும் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் 67 லட்சம் ஹெக்டேருக்கு மேல். கடல் மட்டம் ஏறும் காலத்தில் இது குறையப் போவதில்லை.

இவ்வளவு ஜீன்களைக் கண்டுபிடித்தும், உவர் நிலத்து விவசாயியின் கையில் வந்து சேர்ந்த விதைகள் ஏன் இவ்வளவு குறைவு? அந்தத் தக்காளி ஏன் சந்தைக்கு வரவில்லை? காரணம் எளிது. சோதனைச் சாலையில் தொட்டியில் இருப்பது உப்பு மட்டும். வயலில் உப்போடு வெள்ளம் உண்டு, புளித்த மண் உண்டு, வெயில் உண்டு, பூச்சி உண்டு. ஒரு ஜீன் ஒரு கதவைத்தான் காக்கும். பொக்காளியின் உயரத்தையே எடுத்துக்கொள்ளலாம். சாயக்கூடிய நெடும் பயிர் என்று ஒட்டு ரக வல்லுநர்கள் அதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் விறுவிறுவென்று வளர்ந்து பருமனாகிற உடம்பில் ஏறிய சோடியம் நீர்த்துப் போகிறது. ஒரு சிட்டிகை உப்பு டம்ளரில் கரிக்கும், அண்டாவில் தெரியாது. உயரத்தைக் குறைத்தால் அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கும் குறையும்.

அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. பொக்காளியின் பலத்தில் ஒரு பாதி ஜீனில் இருக்கிறது என்றால், மறுபாதி அதைப் பயிரிடுகிறவர்களின் நாள்காட்டியில் இருக்கிறது.

நெல் தன் வாழ்நாள் முழுவதும் உப்புக்கு ஒரே மாதிரி அஞ்சுவதில்லை. முளைக்கும்போது ஓரளவு தாங்கும். இளநாற்றுப் பருவத்தில் தாங்காது. தூர் கட்டும்போது மறுபடி பலம் வரும். பூக்கும்போது மறுபடி பலவீனம். ஜீன் வெளிப்பாட்டைப் பற்றி யாரும் பேசுவதற்குப் பல தலைமுறைகள் முன்பே கொச்சிக் காயல்கரை விவசாயிகள் இதைக் கண்டு வைத்திருந்தார்கள். ஏப்ரல் மாதம் மதகு வழியாக வயலிலுள்ள உப்புநீரை வடிய விடுகிறார்கள். சேற்றைக் குவித்து, அடியில் ஒரு மீட்டர் அகலமும் அரை மீட்டர் உயரமுமாக மண் மேடுகள் எழுப்புகிறார்கள். உள்ளூரில் இதற்குப் பெயர் 'கூன'. ஜூனில் தென்மேற்குப் பருவ மழை அந்த மேடுகளைக் கழுவி உப்பை இறக்குகிறது. அதன் பிறகுதான் முளை கட்டிய விதை மேட்டின் உச்சியில் விழுகிறது. நாற்று ஒரு மாதம் போல வளர்ந்து வலுத்த பிறகு மேட்டை வெட்டி, மண்ணோடு நாற்றைச் சுற்றிலும் பரப்புகிறார்கள். மழையும் ஆற்று வெள்ளமும் காயலை நன்னீராக வைத்திருக்கும் மாதங்களிலேயே பயிர் பூத்துவிடுகிறது. கடல் மறுபடி உள்ளே ஏறுவதற்குள், அக்டோபர், நவம்பரில் அறுவடை முடிகிறது.

அறுப்பதும் கதிரை மட்டும்தான். தாள் தண்ணீரிலேயே நிற்கும். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அதே வயல் செம்மீன் கெட்டு. வேலியேற்றத்தோடு மதகில் நுழையும் இறால் குஞ்சுகள் அழுகும் தாளைச் சுற்றி வளர்கின்றன. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எரு. உரமும் பூச்சி மருந்தும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. மட்டாஞ்சேரிச் சந்தில் தொல்லையாக வரும் அதே தண்ணீர், இந்த வயலில் அடுத்த போகத்துக்கு விதை போட்டுவிட்டுப் போகிறது.

இந்த ஏற்பாடுதான் இப்போது உடைந்துகொண்டிருக்கிறது. எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் ஒரு காலத்தில் 25,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்லப்படும் பொக்காளி நிலத்தில், இன்று ஒரு சிறு பகுதியில்தான் நெல் விதைக்கிறார்கள். சாலைக்கும் குடியிருப்புக்கும் போனது ஒரு பங்கு. 2011-ல் திறக்கப்பட்ட வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்துக்கான பாதைகளும் இந்த வயல்களின் ஊடாகவே போயின. சதுப்பையும் வயலையும் காக்கக் கேரளம் 2008-ல் சட்டம் கொண்டுவந்தது. அதே 2008-ல் பொக்காளி அரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் சட்டம் நிலத்தைத் தூர்க்காமல் தடுக்கலாம், விதைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

விதைக்காததற்குக் காரணம் சோம்பல் அல்ல. இடுப்பளவு சேற்றில் நின்று கதிரைக் கையால் அறுக்க வேண்டும். அந்தச் சேற்றில் சாதாரண அறுவடை இயந்திரம் புதைந்துவிடும். அறுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வயதும் ஏறிவிட்டது. இளைய தலைமுறை நகரத்து வேலைக்குப் போய்விட்டது. நெல்லில் வரும் காசைவிட இறாலில் வரும் காசு அதிகம். எனவே ஏப்ரலில் வடிய வேண்டிய தண்ணீர் பல இடங்களில் வடிவதில்லை. ஆண்டு முழுவதும் இறாலே இருக்கட்டும் என்று குத்தகைக்காரர்கள் நினைக்கிறார்கள். 'ஒரு நெல், ஒரு மீன்' என்ற அரசின் கொள்கை ஏட்டில் இருக்கிறது. பக்கத்து வயலில் உப்புநீர் தேங்கி நின்றால், விதைக்க விரும்புகிறவரின் மேட்டிலும் உப்பு இறங்காது. ஒருவர் மதகைத் திறக்காவிட்டால் ஒரு பாடசேகரமே முடங்கிப் போகும்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் கிட்டங்கிகளில் அரிசி மூட்டைக்குப் பஞ்சமில்லை. அது பெரும்பாலும் வெளி மாநிலத்து அரிசி. கேரளம் உண்ணும் சோற்றில் பெரும் பங்கு வெளியிலிருந்துதான் வருகிறது. அந்தக் கணக்கில் பொக்காளி ஒரு பிடிகூட இல்லை, போனால் போகட்டும், ஜீன்தான் வங்கியில் பத்திரமாக இருக்கிறதே என்று ஒருவர் வாதிடலாம். வைற்றிலாவிலுள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் பொக்காளியிலிருந்து பல ரகங்களை உருவாக்கி வெளியிட்டிருக்கிறது. வெளிநாட்டுக் குளிர் அறைகளிலும் விதை இருக்கிறது.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. குளிர் அறையில் உறங்கும் விதை, அது உள்ளே போன நாளில் இருந்தபடியே இருக்கும். வெளியே கடல் ஏறுகிறது, மழை தேதி மாறுகிறது, ஜூனில் கழுவ வேண்டிய மேட்டை ஜூலையில் கழுவுகிறது. வயலில் ஆண்டுதோறும் விதைத்து, தப்பிப் பிழைத்த கதிரிலிருந்து விதை எடுத்துவைத்தால்தான் நெல் அந்த மாற்றத்தோடு சேர்ந்து நகரும். 15 நிமிடத்தில் விழிக்கும் பழக்கம் பொக்காளிக்கு அப்படித்தான் வந்தது. எந்தச் சோதனைச் சாலையும் அதைக் கற்றுத்தரவில்லை. சால்டால் என்பது அந்த நீண்ட பாடத்தில் விஞ்ஞானம் இதுவரை படித்து முடித்த ஒரு பக்கம். மீதிப் பக்கங்கள் இன்னும் செல்லானத்திலும் கடமக்குடியிலும் சேற்றில் கிடக்கின்றன.

அந்தச் சேற்றைக் காப்பது தொல்பொருளைக் காப்பது போன்ற காரியம் அல்ல. சேற்றில் இறங்கி அறுக்கும் கைக்குக் கட்டுபடியாகும் கூலி, சேற்றில் புதையாத இயந்திரம், குறியீட்டு முத்திரைக்கு ஏற்ற விலை, எல்லாவற்றுக்கும் மேலாக ஏப்ரல் 14-ம் தேதி முடிந்ததும் மதகைத் திறக்க வைக்கும் நிர்வாகம், இவைதான் தேவை. பொக்காளியின் ஜீனால் ஆதாயம் அடைந்த நிறுவனங்களும் அரசுகளும் இதில் ஒரு பங்கைச் சுமக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

விஷு முடிந்து ஒரு வாரம் கழித்து மட்டாஞ்சேரியிலிருந்து தெற்கே போகிறவர்கள் சாலையின் இருபுறமும் பார்க்கலாம். தண்ணீர் வடிந்து, கரிய சேற்றில் வரிசையாக மண் மேடுகள் எழுந்திருந்தால் அந்த வயலில் இந்த ஆண்டு நெல் உண்டு. தண்ணீர் அப்படியே பளபளத்துக்கொண்டு நின்றால் இல்லை. மழைக்கு அப்போது ஆறு வாரம்தான் இருக்கும்.